மாற்று மாற்றுமின்னாக்கி: ஆல்டர்னேட்டருக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் தமிழில் எழுதும் வண்டிப் பழுதுபார்ப்புக் கையேட்டில், இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு ‘மாறுமின்னாக்கி’ என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று போன வாரம் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தக் கையை இறக்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு பழைய ஜீப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதில் வந்த ஞானம் இது.

வண்டி, பெரியப்பா விட்டுச்சென்ற மகேந்திரா சிஜே 3பி. வில்லிஸ் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த வடிவம். உயரமான இன்ஜினுக்கு இடம் வேண்டும் என்று பானெட்டையே தூக்கிவிட்டார்கள். அதனால் எப்போதும் எதிரே நிற்பவனோடு சண்டைக்குத் தயாராக இருப்பது போன்ற முகம். இத்தனை நாளும் அதில் அதே வேலையைச் செய்யும் பழைய வகையான டைனமோதான் இருந்தது. காட்டிலும் மேட்டிலும் ஓடும் வண்டிக்கு அது போதும். சென்னை சிக்னல்களுக்குப் போதாது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. மழை நாளில் விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டு கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் நின்றால், பேட்டரி இறங்கி, பிறகு நாம் இறங்கித் தள்ள வேண்டும்.

புதுப்பேட்டையில் நல்ல நிலையில் ஒரு ஆல்டர்னேட்டர் கிடைத்தது. 45 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. பொருத்தும்போது ஒவ்வொரு படியையும் நம் கையேட்டுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன். மாலையில் குறிப்பேட்டைப் பிரித்தால் ஒரு வரி இப்படி இருந்தது: “மாற்று மாற்றுமின்னாக்கியை மாற்றியபின், மாற்றிய கம்பிகளைச் சரிபார்க்கவும்.”

‘மாறு’ என்றுதான் எழுதத் தொடங்கினேன். அவசரத்தில் கை அதை ‘மாற்று’ ஆக்கிவிட்டது. எல்லோருக்கும் இதுதான் நடக்கும். உதிரிப் பாகத்தின் உலகில் ‘மாற்று’ என்பது ஏற்கெனவே குடியிருக்கும் சொல்: மாற்றுச் சக்கரம், மாற்றுச் சாவி. அந்த வீட்டில் இன்னொரு ‘மாற்று’க்கு இடம் இல்லை. போதாக்குறைக்கு, உதவிக்கு வந்த மெக்கானிக்கிடம் வரியைப் படித்துக் காட்டினேன். “தெருமுனையில் வெடிக்குமே சார், அதுவா?” என்று கேட்டார். மின்மாற்றி! டிரான்ஸ்பார்மருக்கு அந்தச் சொல் மக்களிடம் நிலைத்துவிட்டது. அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு பொருளுக்குப் பெயர் வைப்பது வம்பு.

இலங்கை நண்பர் ஒருவர் முன்பே சொன்னார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆல்டர்னேட்டருக்குள் பிறக்கும் ஏசி மின்சாரத்தை நாம் பாடநூலில் மாறுதிசை மின்னோட்டம் என்று நீட்டுகிறோம், அவர்கள் ஆடலோட்டம் என்பார்கள். அதிலிருந்து ‘ஆடலாக்கி’. நடன ஆசிரியரைக் கூப்பிடுவது போல இருக்கிறது என்று நம் குழுவின் இயற்பியல் ஆசிரியை சிரித்தது நினைவிருக்கிறது. ஆனால் ஊஞ்சலும் ஆடுகிறது, கடிகார ஊசலும் ஆடுகிறது. போய்த் திரும்பி வருவதுதான் ஆட்டம். அந்த மின்னோட்டம் செய்வதும் அதுவே. ‘அலையாக்கி’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். மின்னலைகளை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கு அலையியற்றி என்று பாடநூலில் இருக்கிறது, வேண்டாம்.

துணைச் சொற்கள் சில. புல்லிக்குக் கப்பி இருக்கவே இருக்கிறது, கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு விளக்க வேண்டாம். (கப்பிகள் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். என்னுடையது உள்ளே தள்ளி நின்றதால் இரண்டு வாஷர் கொடுத்து வெளியே கொண்டுவந்தேன். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால் போதும்.) பெல்ட் பெல்ட்டாகவே இருக்கட்டும். ‘வார்’ என்றால் செருப்புதான் நினைவுக்கு வருகிறது.

கட்டவுட் ஒரு தனிக் கதை. டைனமோ ஓயும்போது பேட்டரியின் மின்சாரம் அதற்குள்ளேயே திரும்பிப் பாயாமல் துண்டிக்கும் சிறு கருவி அது. சென்னையில் கட்டவுட் என்றால் நாற்பது அடி உயரத்தில் பாலாபிஷேகம் நடப்பது. நல்ல வேளையாக ஆல்டர்னேட்டருக்கு அது தேவையில்லை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் உள்ளே இருக்கின்றன, அவையே பின்பாய்வைத் தடுத்துவிடும். பழைய கட்டவுட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். சொல் தேடும் வேலையும் மிச்சம்.

எனக்குப் பிடித்தது சார்ஜ் விளக்கு. ‘எச்சரிக்கை விளக்கு’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம், அது பாதி உண்மை. நான் வாங்கிய வகையில், சாவியைத் திருப்பியதும் அந்தச் சிறு பல்பின் வழியாகத்தான் சுழலும் காந்தச் சுருளுக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு எரிந்துபோயிருந்தால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே ‘தூண்டு விளக்கு’ என்று முன்மொழிகிறேன். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டியது இது. நந்தா விளக்காக நின்று எரிந்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

இன்ஜின் நின்றிருந்தபோது பேட்டரியில் 12.5 வோல்ட், ஓடும்போது 14.1. சொல்லைத் தவிர எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

அன்புடன்,
அசோக் நகரிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

சென்னையின் பாடி பகுதியில் பல ஆண்டுகள் இதே பொருளைச் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன்.

ஆடலாக்கி எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே வருவது ஆடும் மின்னோட்டம் இல்லை. சுற்றாமல் நிற்கும் பகுதியான நிலையியின் மூன்று சுருள்களில் பிறப்பதுதான் ஆடுகிறது. ஆறு டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி அனுப்புகின்றன. கையேட்டில் இதை ஒரு வரியாவது சொல்லாவிட்டால், பேட்டரியை ஆடலோட்டத்தில் சார்ஜ் செய்யலாம் என்று யாராவது முடிவுகட்டிவிடுவார்கள்.

உங்கள் வரைவில் டையோடுத் தொகுதிக்கும் சீராக்கி, வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டருக்கும் சீராக்கி. முன்னதைப் பாடநூலில் உள்ளபடி அலைதிருத்தி என்றும் பின்னதை அழுத்தச் சீராக்கி என்றும் பிரித்துவிடுங்கள். கடைக்குப் போய்த் தவறான பாகத்தை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றே சொல்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் குறைப்பட்டிருந்தார். நாம் சிறுவயதில் சைக்கிள் டயரில் உரசவிட்டு விளக்கு எரித்தோமே, அந்த டைனமோவுக்குள் சுற்றுவது காந்தம், சும்மா நிற்பது சுருள். அது தருவது ஆடலோட்டம். பெயர் டைனமோ, பிறவி ஆடலாக்கி! பட்டறைக்காரர்களைத் திருத்துவதற்கு முன் சைக்கிள் கடையைத் திருத்த வேண்டியிருக்கும்.

கையேட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டியவை இரண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றக் கூடாது. மின்னழுத்தம் எகிறி டையோடும் சீராக்கியும் போய்விடும். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலில் எர்த் செய்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் இணைத்தால் டையோடுகள் அந்த நொடியே கருகும்.

அன்புடன்

---

ஐயா,

அலைதிருத்தி, அழுத்தச் சீராக்கி இரண்டையும் ஏற்றுத் திருத்திவிட்டேன். எச்சரிக்கைகள் முதல் பக்கத்துக்குப் போய்விட்டன. என் ஜீப்பில் எதிர்முனைதான் எர்த் ஆகியிருக்கிறது. உங்கள் மடல் வந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சைக்கிள் டைனமோ என்னைக் கவிழ்த்துவிட்டது. டைனமோவை, ஒரே திசையில் மின்சாரம் தருவது என்ற பொருளில் ‘நேர்மின்னாக்கி’ என்று தமிழாக்கி, ஆடலாக்கிக்கு எதிரே ஒரு ஜோடியாக நிறுத்தத் திட்டமிட்டிருந்தேன். இப்போது அது நிற்காது. டைனமோவை டைனமோவாகவே விட்டுவிடுகிறேன். ஆடலாக்கி வரும் முதல் இடத்தில் “பட்டறையில் இதையும் டைனமோ என்பார்கள்” என்று ஒரு வரி சேர்க்கிறேன். படிப்பவர் கடையில் போய் ஆடலாக்கி கேட்டுத் திரும்பி வரக் கூடாது அல்லவா.

எழுதியதை மெக்கானிக்கிடம் மறுபடியும் படித்துக் காட்டினேன். “மாற்று ஆடலாக்கியைப் பொருத்தியபின் கம்பிகளைச் சரிபார்க்கவும்.” இந்த முறை தெருமுனைக்குப் போகவில்லை. கழற்றி வைத்திருந்த டைனமோவைக் காலால் தள்ளிக் காட்டி, “இதற்குப் பதிலாக வந்ததுதானே?” என்றார். ஆடலாக்கி என்று அவர் வாயால் சொல்லவில்லைதான்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. இன்ஜினோடு சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட்டுக்குத் ‘தாங்கி’ என்று 11 இடங்களில் எழுதியிருக்கிறேன். பேரிங்குக்கும் தாங்கி என்றுதான் போட்டிருப்பதை இன்று காலையில்தான் கவனித்தேன். இரண்டில் எதற்குப் புதுச் சொல் தேடுவது என்று யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்