புதுப்பிப்பு: 48 வோல்ட் பேட்டரியில் அந்த 7-வது வரிசை

என் மின்சைக்கிளின் 13 வரிசை (தொடராக இணைத்த 13 செல் தொகுதிகள்) லித்தியம் பேட்டரி, முழுக்க சார்ஜ் செய்தும் பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். "சார்ஜரிலேயே விட்டுவையுங்கள், பிஎம்எஸ் (பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட்) எல்லா வரிசைகளின் வோல்ட்டையும் சமன்செய்துவிடும்" என்றார்கள் பலர். பகலில், கண்முன்னால் வைத்துப் பார்த்தேன், பலனில்லை. மல்டிமீட்டரில் பன்னிரண்டு வரிசைகள் 4.2 வோல்ட்டை ஒட்டி இருக்க, 7-வது மட்டும் 3.92. பிஎம்எஸ் சமன்செய்வது சில பத்து மில்லிஆம்பியரில்தான், இவ்வளவு இடைவெளிக்கு நாட்கணக்காகும்.

அதனால் அந்த வரிசைக்கு மட்டும் 4.2 வோல்ட் ஒற்றைச் செல் சார்ஜர் கொடுத்து ஏற்றினேன். பழைய தூரம் திரும்பியது, அவ்வளவு சந்தோஷம்! அப்புறம் ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தேன். மற்றவை 4.17, 7-வது 4.05. சும்மா இருக்கும்போதே இறங்குகிறது என்றால் உள்ளே ஒரு செல் கெட்டிருக்க வேண்டும். அந்த வரிசையை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.