லூப்ரிகேஷனுக்கு எந்தச் சொல்: உராய்வு நீக்கமா, மசகிடலா, உயவா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வணக்கம். மோட்டார் மெக்கானிக் பாடநூலின் நாலாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு இன்னும் முடிவாகவில்லை; கைப்பிரதியில் 'உராய்வு நீக்கம்' என்று கிடக்கிறது. அதன் கீழே வருவது இது: எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில் உள்ள ஒயிலைப் பம்ப் வலைவடி வழியாக இழுக்கிறது. அழுத்தம் கூடினால் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைச் சம்ப்புக்கே அனுப்புகிறது. பில்டரைத் தாண்டிய ஒயில் கிராங்க் என்னும் சுழல்தண்டைத் தாங்கும் மெயின் பெயாரிங்குகளுக்கும், கிராங்கில் துளைத்த வழியே, பிஸ்டனை அதனோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் பெரிய முனைக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் போகிறது. பாகங்கள் உரசித் தேயாமல் ஒயில் இடும் இத்தனைக்கும் சேர்த்து, லூப்ரிகேஷனுக்கு ஒரு சொல் தாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
'நீக்கம்' பிழை, தம்பி. உராய்வு நீங்குவதே இல்லை. பெயாரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் விடும் இடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர். சுழலும் கிராங்க் ஒயிலைத் தன்னோடு இழுத்துப்போய் ஒடுங்கும் பக்கத்தில் ஆப்பு இறுக்குவதுபோல் திணிக்கிறது. அந்த ஆப்பில் பிறக்கும் அழுத்தம்தான் கிராங்கைத் தூக்கி வைத்திருக்கிறது. பம்ப் தரும் 3, 4 பார் அழுத்தம் அதற்குக் காணாது. ஒயிலை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதே பம்பின் வேலை. பிரிட்டிஷ் பொறியியலாளர் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். உலோகம் உலோகத்தோடு உரசுவது போய், ஒயில் தனக்குள்ளேயே உரசுகிறது, அதனால் சூடாகவும் செய்கிறது. அந்தச் சூட்டைச் சுமப்பது, கரியைக் கழுவுவது, பிஸ்டன் ரிங் ஓரத்தில் வாயுவை அடைப்பது எல்லாம் அதே ஒயில்தான். 'நீக்கம்' என்று படிக்கும் பிள்ளைக்கு இவை ஒன்றும் தோன்றா. 'மசகிடல்' என்று போடுங்கள்.

தெமட்டகொடையிலிருந்து:
சேர் சொல்வது பௌதிகத்தில் சரி. ஆனால் அரச சுற்றறிக்கையிலும் கேள்விப்பத்திரத்திலும் 'உராய்வு நீக்கி எண்ணெய்' என்றே பிள்ளைகள் பார்க்கிறார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போய் மசகு கேட்டால் கிரீஸ் டின்னை எடுத்துத் தருவார்கள். பிள்ளைக்குத் தெரிய வேண்டியது வேறு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, ஒயில் மட்டம் பார்க்கும் அளவுக்கோலைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் வளைவில் ஒயில் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், ஒயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கும். கூட ஊற்றினாலோ கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரையில் ஒயில் படலம் நிற்காது. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, சிலிண்டர் ஹெட்டின் கீழுள்ள அடைப்பான ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்த சொல்லில் சொல்வோம்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
தமிழ்நாட்டுப் பொறியியல் நூல்களில் 'உயவு' இருக்க நாம் ஏன் அலைகிறோம்? 'உய்' அடியில் பிறந்தது என்பது என் எண்ணம். எஞ்சினை உய்விப்பது உயவு. 'மசகு' எனக்கு ஐயம். மையைக் குறிக்கும் 'மசி' வடசொல் அல்லவா?

வெள்ளவத்தையிலிருந்து:
பழம்பாட்டில் உயவு என்றால் வருத்தம். அதை எஞ்சினுக்கு இடச் சொல்கிறீர்களா? மசகுக்கு வடமொழிப் படி ஏற வேண்டியதில்லை. கீரை மசிகிறதே, அந்த மசிதல் போதும். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் மசித்து மாட்டுவண்டி அச்சில் தடவியதைத்தான் மசகு என்றார்கள். உப்பு வண்டி உமணர் சேம அச்சைக் கீழே கட்டிக்கொண்டு போனதும் நினைவுக்கு வருகிறது. அச்சு தேயும் என்று அறிந்தவர்கள் அதற்கு மை இடாமலா விட்டிருப்பார்கள்?

பம்பலப்பிட்டியிலிருந்து:
மாட்டுவண்டி அச்சில் பூசுவது வேறு, அழுத்தத்தில் ஓடுவது வேறு. 'மசகிடல்' என்றதும் கையால் தடவுவதுதான் கண்ணில் வருகிறது. உயவு எனக்கு உய்வுதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஆளுக்கொரு சொல் சொல்கிறீர்கள்; நான் மசகிடல் பக்கம். தலைப்பு 'மசகிடல்', முதல் வரியில் 'உராய்வு நீக்கம் எனவும் வழங்கும்' என்று சேர்க்கிறேன். பொருளுக்கு 'எஞ்சின் ஒயில்' என்றே விடுகிறேன். இன்னொரு சிக்கல். பிஸ்டன் மேல் முனையில் ஒரு கணம் நிற்கிறது. வேகம் இல்லை, ஆகவே ஆப்பும் இல்லை, படலம் கிழிகிறது. ஒயிலில் கலந்த துத்தநாக, பொஸ்பரஸ் சேர்மானம் உலோகத்தில் படியவைத்த மெல்லிய தோல்தான் அங்கே காப்பு. சிலிண்டரின் மேற்பகுதி கூடத் தேய்ந்து விளிம்பு விழுவது இதனால்தான். ஆங்கிலத்தில் பவுண்டரி லூப்ரிகேஷன் எனப்படும் இந்த நிலையை 'எல்லை மசகு' என்று எழுதியிருக்கிறேன்.

தெமட்டகொடையிலிருந்து:
'எல்லை' என்றால் பிள்ளை ஊர் எல்லையை நினைப்பான். 'தோல் மசகு' என்றால் உடனே விளங்கும். தலைப்பிலும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
தோல் என்றால் செருப்புத் தோல். 'படிவு மசகு' பாருங்கள். நாளைக்குள் வேறு வந்தால் அனுப்புகிறேன்.