லிவர் ஃபங்ஷன் டெஸ்ட், லிவர் ஃபங்ஷன் ஸ்டடி: இரண்டுக்கும் ‘சோதனை’ போதுமா?

வணக்கம். மருத்துவக் கோடிங்கில் (நோய், சோதனை முடிவு ஒவ்வொன்றுக்கும் குறியீட்டெண் இடுவது) வரும் இந்த இரண்டு சொற்களைத் தமிழாக்குவது பற்றிய கேள்வி இது.

> டெஸ்ட், ஸ்டடி இரண்டையுமே ‘கல்லீரல் செயற்பாட்டுச் சோதனை’ என்று எழுதிவிடலாமே?

வேண்டாம் ஐயா, கோடு (குறியீட்டெண்) மாறிவிடும். சென்னையில் கோடிங் செய்பவர்கள் அன்றாடம் புழங்கும் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10 அமெரிக்கப் பதிப்பின் அகரவரிசையில் ‘எலிவேட்டட், லிவர் ஃபங்ஷன்’ என்ற இடத்தைப் பாருங்கள். ஸ்டடி என்றால் ஆர்94.5, டெஸ்ட் என்றால் ஆர்79.89. அதன் கீழேயே பிலிருபின் ஆர்17, ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆர்74.8. டிரான்ஸ்அமினேஸ் எனப்படும் கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருந்தால் ஆர்74.01, பழைய ஆர்74.0 பிரிந்து 2020 அக்டோபர் 1 முதல் வழக்கில் இருப்பது.

ஒரு ரிப்போர்ட்: எஸ்ஜிபிடி 112, எஸ்ஜிஓடி 88, பிலிருபின் 0.8. மருத்துவர் ‘எலிவேட்டட் எல்எஃப்டி’ (லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்) என்று மட்டும் எழுதினால் ஆர்79.89தான். எண்களைப் பார்த்துக் கோடர் தானாக ஆர்74.01 போடக்கூடாது, டிரான்ஸ்அமினேஸ் அல்லது எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ஏறியிருக்கிறது என்று மருத்துவரே எழுதியிருக்க வேண்டும். புறநோயாளிக்கு ‘ஃபேட்டி லிவராக இருக்கலாம்’ என்றிருந்தாலும் அந்த நோய்க்கான கே76.0 கூடாது. உறுதியானபின் கே76.0 மட்டும் போதும், அதன் விளைவான என்சைம் ஏற்றத்துக்குத் தனிக்கோடு தேவையில்லை.

ஆகவே டெஸ்ட் = சோதனை, ஸ்டடி = ஆய்வு என்று முன்வைக்கிறேன்.

----

> ஸ்டடி = ஆய்வு

டெஸ்ட், ஸ்டடி இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ரத்தம் கொடுக்கும் இடத்துக்கே ‘ஆய்வகம்’ என்று பெயர் வைத்துவிட்டோம். வெறும் ‘ஆய்வு’ என்றால் எல்லாரும் ரத்தப் பரிசோதனையைத்தான் நினைப்பார்கள். ‘செயலாய்வு’ என்று ஒரே சொல்லாக்கலாம். ஆர்94 முழுவதும் உறுப்புகளின் செயலைப் பார்க்கும் பகுதி. மூளைச் செயலாய்வு, நுரையீரல் செயலாய்வு, தைராய்டு செயலாய்வு என எங்கும் இடறாமல் பொருந்துகிறது.

‘எலிவேட்டட்’டுக்குச் சிலர் எழுதும் ‘மிகை’யையும் விட்டுவிடுவோம். மிகை என்றால் அதுவே ஒரு நோயின் பெயர்போல ஒலிக்கிறது. இங்கே நோய் இன்னும் தெரியவில்லை, அதனால்தானே ஆர் வரிசைக்கே வருகிறோம். ‘சுகர் ஏறியிருக்கு’ என்று ஊரே சொல்கிறது, ‘ஏற்றம்’ போதும். ‘அப்நார்மல்’ என்பது கூடுதல் குறைவு இரண்டும் என்பதால் அதற்கு ‘பிறழ்வு’.

ஆர்94.5: கல்லீரல் செயலாய்வு முடிவுப் பிறழ்வு
ஆர்74.01: கல்லீரல் டிரான்ஸ்அமினேஸ் ஏற்றம்

டிரான்ஸ்அமினேஸை மொழிபெயர்க்க வேண்டாம். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள்.