சொரசொரப்பான சாய்தளத்தில் மேலே போய்த் திரும்பும் கட்டை: நேரம் ஒத்துவரவில்லை

இரவுப்படிப்பு:
கணக்கு இதுதான். 30° சாய்தளத்தின் அடியிலிருந்து 2 கிலோ நிறையுள்ள கட்டையை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கித் தள்ளிவிடுகிறார்கள். உராய்வுக் குணகம் 0.2. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொள்ள வேண்டும். கட்டை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகும்? அப்போது அதன் வேகம் என்ன?

எடையின் கூறும் உராய்வும் தளத்தின் வழியே கீழ்நோக்கி இருக்கின்றன. ஆகவே முடுக்கம் −10 × (சைன் 30° + 0.2 × கோஸ் 30°) = −6.73 மீ/வி². திரும்பி வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி. இயக்கச் சமன்பாட்டில் போட்டால் நேரம் 2.38 வினாடி, வேகம் அதே 8 மீ/வி. ஆனால் விடைப் பக்கத்தில் 2.89 வினாடி, 5.57 மீ/வி என்று இருக்கிறது. கால்குலேட்டர் டிகிரியில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். எங்கே இடிக்கிறது?

கணக்குப்பிள்ளை:
கால்குலேட்டரை விடுங்கள், உங்களுக்கு வந்த வேகத்தைப் பாருங்கள். 8-ல் கிளம்பி 8-லேயே வந்து சேர்கிறது என்றால் உராய்வு எதையுமே பறிக்கவில்லை என்று ஆகிறது. வழவழப்பான தளத்தில்தான் அப்படி நடக்கும்.

கட்டை எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உராய்வு இழுக்கும். ஏறும்போது கீழ்நோக்கி, சரி. இறங்கத் தொடங்கியதும் அது மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. −6.73-ஐ முழுப் பயணத்துக்கும் வைத்தால், கீழே வரும் கட்டையை உராய்வே பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது என்று பொருள். ஆகவே பயணத்தை உச்சியில் வெட்டி இரண்டு கணக்காகச் செய்ய வேண்டும்.

ஏறும்போது: முடுக்கத்தின் அளவு 6.73. நேரம் 8 ÷ 6.73 = 1.19 வினாடி. தளத்தின் வழியே சென்ற தொலைவு 64 ÷ (2 × 6.73) = 4.75 மீட்டர்.

இறங்கும்போது: முடுக்கம் 10 × (0.5 − 0.173) = 3.27. ஓய்விலிருந்து 4.75 மீட்டர் வந்தால் வேகத்தின் வர்க்கம் 2 × 3.27 × 4.75, ஏறத்தாழ 31.1. வேகம் 5.57. நேரம் 5.57 ÷ 3.27, அதாவது 1.7 வினாடிக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு நேரங்களையும் கூட்டினால் 2.89.

வெண்பலகை:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். இந்த வகைக் கணக்குக்கு விசைப்படம் ஒன்று போதாது. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று வரையுங்கள். இரண்டிலும் எடையும் செங்குத்து எதிர்விசையும் (தளம் தனக்குச் செங்குத்தாகக் கட்டையைத் தள்ளும் விசை) மாறாது, உராய்வின் அம்புக்குறி மட்டும் புரளும். மாணவர்கள் படம் வரைவதை மதிப்பெண்ணுக்கான சடங்காக நினைக்கிறார்கள். இந்தக் கணக்கில் பாதி வேலை அந்த அம்புக்குறிதான்.

விடையை ஆற்றல் வழியிலும் சோதிக்கலாம். தொடக்க இயக்க ஆற்றல் 64 ஜூல். செங்குத்து எதிர்விசை 20 × கோஸ் 30° = 17.32 நியூட்டன், உராய்வு விசை 0.2 × 17.32 = 3.46 நியூட்டன். போக வர 9.5 மீட்டர், எனவே உராய்வுக்குப் போனது சுமார் 33 ஜூல். மிச்சம் 31 ஜூல். நிறை 2 கிலோ என்பதால் வேகத்தின் வர்க்கமும் 31. வேகம் 5.57. ஆனால் நேரத்தை இந்த வழி சொல்லாது.

இரவுப்படிப்பு:
புரிந்தது, நன்றி. இன்னொரு சந்தேகம். சோதித்துப் பார்க்கலாம் என்று குணகத்தை 0.7 ஆக்கினேன். இறங்கும் முடுக்கம் 10 × (0.5 − 0.606) = −1.06 என்று வருகிறது. உச்சியில் நின்ற கட்டை தானாக மேலே ஏறும் என்றா இதற்குப் பொருள்?

கணக்குப்பிள்ளை:
ஏறாது. "இறங்குகிறது" என்று வைத்துக்கொண்டு உராய்வை மேல்நோக்கிப் போட்டீர்கள். குறி தலைகீழாக வந்ததால் அந்த அனுமானமே செல்லாது என்று தெரிகிறது. கட்டை அங்கேயே நின்றுவிடும்.

நின்ற பிறகு வேலை செய்வது நிலை உராய்வு. அதன் குணகம் இயக்க உராய்வின் குணகத்தைவிடக் குறையாது, 0.7 என்றே வைத்தாலும் அது 12.1 நியூட்டன் வரை தாங்கும். கட்டையைக் கீழே இழுப்பதோ 10 நியூட்டன்தான். நிலை உராய்வு தேவையான 10-ஐ மட்டும் தரும், மிச்சத்தைப் போட்டுக் கட்டையை மேலே தள்ளாது. நிற்கும் கணம்வரை முடுக்கத்தின் அளவு 11.06, நின்றதும் சுழி.

எனவே இறங்கும் பகுதியைத் தொடுவதற்கு முன் நிலை உராய்வுக் குணகத்தை டேன் 30°, அதாவது 0.577 உடன் ஒப்பிடுங்கள். குணகம் பெரிது என்றால் இறக்கமே இல்லை. நிறை இரு பக்கமும் அடிபட்டுவிடுவதால் 2 கிலோவா 200 கிலோவா என்பது இங்கே பொருட்டில்லை.

சாய்கோணம்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். செங்குத்து எதிர்விசை 17.32 என்கிறீர்கள். வழவழப்பான தளத்தில் அதன் மேல்நோக்கிய கூறு எடையைச் சமன் செய்ய வேண்டாமா? அப்படிப் பார்த்தால் 20 ÷ கோஸ் 30° = 23.1 அல்லவா வருகிறது?

வெண்பலகை:
சமன் செய்ய வேண்டியதில்லை. கட்டை சரிவில் முடுக்கத்தோடு இறங்குகிறது, ஆகவே நேர் கீழாகவும் அதற்கு முடுக்கம் உண்டு. வழவழப்பான தளத்தில் சரிவின் வழியே 5 மீ/வி². அதன் நேர் கீழ்க் கூறு 5 × சைன் 30° = 2.5. இதற்கு 2 கிலோவுக்கு 5 நியூட்டன் செலவாகிறது. எனவே எதிர்விசையின் மேல்நோக்கிய கூறு 20 − 5 = 15 மட்டுமே. அதை கோஸ் 30° ஆல் வகுத்தால் அதே 17.32.

நீங்கள் எழுதிய வாய்பாடு சரிவாக அமைத்த வளைவுச் சாலையில், உராய்வின் துணையில்லாமல் திரும்பும் வண்டிக்குப் பொருந்தும். அந்த வண்டி மேலும் கீழும் போவதில்லை, அதன் முடுக்கம் முழுவதும் கிடைமட்டம். இங்கே முடுக்கம் சரிவின் வழியே இருப்பதால்தான் அச்சுகளையும் சரிவோடு சாய்த்து வைக்கிறோம்.