முகப்புத் தூண்களை உருண்டையாக்குவதா, கல் பதிப்பதா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டு போர்டிகோவின் கூரையை 9 அங்குலச் சதுரமும் 10 அடி உயரமும் உள்ள இரண்டு கான்கிரீட் தூண்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் முழங்கால் உயரம் வரை பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. இரண்டு முறை புதிதாக அடித்தும் நிற்கவில்லை. எப்படியும் வேலை செய்யத்தான் வேண்டும் என்பதால் தோற்றத்தையும் மாற்றிவிட நினைக்கிறோம். உருண்டைத் தூணாக்கலாம் என்கிறார் மேஸ்திரி. என் மனைவியோ கிரானைட் பதிக்க விரும்புகிறார். எது பொருத்தமாக இருக்கும்?

பதில் 1:
தோற்றத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த முழங்கால் உயரத்தைக் கவனியுங்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும் தூணில் எதைப் பூசினாலும், எதை ஒட்டினாலும், கொஞ்ச காலத்தில் அது கழன்றுவிடும். உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் தூணுக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அப்படியானால் பழைய பூச்சை அந்த உயரத்துக்குச் சற்று மேல் வரை கொத்தி எடுத்து, வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து நீக்கி, நன்றாக உலர விட வேண்டும். போர்டிகோ தரையைக் கழுவும் நீர் தூணடியில் தேங்குகிறதா என்றும் பாருங்கள். தரையின் வாட்டத்தைச் சரிசெய்வதே பாதி மருந்து.

பதில் 2:
உருண்டைத் தூண் குறித்து ஒரு கணக்கு. 9 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 12¾ அங்குலம். அதை முழுவதும் உள்ளடக்கிப் பூச்சும் சேர்த்தால் விட்டம் 14 அங்குலத்துக்குக் குறையாது. தூண் அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் 10 அடி உயரத்துக்கு 9 அங்குலம் மிகவும் ஒல்லி. ஆனால் மேலே உள்ள பீமும் 9 அங்குல அகலம்தான் என்றால், தடித்த தூணின் தலை இருபுறமும் பிதுங்கி நிற்கும். தூண் ஒன்றையும் தாங்காமல் சும்மா நிற்பது போலத் தோன்றும். தூணின் கழுத்தும் பீமின் முகமும் ஒரே நேர்கோட்டில் அமைவதுதான் கண்ணுக்கு நிறைவு தருகிறது. ஆகவே பீமையும் பூச்சால் அகலப்படுத்த வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் சதுரமாகவே விட்டு, பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் தடிப்பாக்கி, கீழே 3 அடி உயரத்துக்கு 16 அங்குலப் பீடம் அமைப்பேன். முடிவெடுப்பதற்கு முன் பழைய அட்டைப்பெட்டிகளை அந்த அளவுகளில் வெட்டித் தூணைச் சுற்றிக் கட்டி, தெருவில் நின்று பாருங்கள். வரைபடத்தில் தெரியாத குறை அப்போது தெரிந்துவிடும்.

பதில் 3:
கிரானைட் பதிப்பதானால் எடையை மறக்க வேண்டாம். 20 மி.மீ. கனமுள்ள பலகை சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் இருக்கும். பசையை மட்டும் நம்பித் தலைக்கு மேலான உயரத்தில் ஒட்டுவது ஆபத்து. உலோகப் பிடிப்பான்கள் வேண்டும். அவற்றுக்குத் துளையிடும்போது கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தூணின் மூலையை ஒட்டி நெடுக்காக வெடிப்போ பழுப்புக் கறையோ இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதைக் கல்லால் மூடிவிட்டால் பாதிப்பு வளர்வது கண்ணில் படாது. முதலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பாலிதீன் தாளில் துளிகள் கோத்திருந்தன. வெடிப்பு எதுவும் தென்படவில்லை. அட்டை கட்டிப் பார்த்ததில் 16 அங்குலப் பீடம் வாசலை அடைப்பது போல் இருந்தது. 14 அங்குலம் சரியாகப் பட்டது. பீடத்துக்கு மட்டும் கிரானைட், அதற்கு மேல் பூச்சு என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். கொத்தி எடுத்த இடம் உலர்ந்த பிறகே மற்ற வேலை.