கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான் எங்கள் ராஜபாளையம் நாய், என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். முத்துவுக்கு 3 வயது, சுத்த வெள்ளை ராஜபாளையம். மாமா ஊர்த் தோட்டத்தில் வளர்ந்தவனை 5 மாதக் குட்டியாக பெங்களூருக்குக் கொண்டு வந்தோம், அன்றிலிருந்தே இப்படித்தான். நன்றாகச் சாப்பிடுவான், காலையில் ஏரிப் பக்கம் சந்தோஷமாக நடப்பான், வீட்டுக்குள் வந்ததும் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். விருந்தாளி வந்தால் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போன ஞாயிறு கப்பன் பார்க்கில் நாய்களுக்கென்று இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனோம். மற்றதெல்லாம் ஓடிப்பிடித்து விளையாட, இவன் வேலியோரம் ஒட்டி நின்று கொட்டாவி விடுவதும் மூக்கை நக்குவதுமாக இருந்தான். என் 7 வயது மகள் "முத்துவுக்கு நம்மளப் பிடிக்கலையாப்பா" என்று கேட்டு அழுகிறாள். துணைக்கு இன்னொரு குட்டி வாங்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். வாங்கலாமா?

சிப்பிப்பாறை வளர்ப்பவன்:
வேண்டாம் அண்ணா. அந்தக் கொட்டாவி தூக்கத்தில் வந்ததில்லை, பதற்றத்தில் நாய்கள் அப்படித்தான் செய்யும். இவ்வளவு கூட்டம் எனக்கு ஆகாது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். குட்டிகள் ஆட்களோடும் மற்ற நாய்களோடும் எளிதாகப் பழகுகிற பருவம் பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரம் வாக்கில் முடிந்துவிடும், அந்த நாட்களை உங்கள் முத்து தோட்டத்தில்தான் கழித்திருக்கிறான். போதாததற்கு நம் ஊர் வேட்டை நாய்களே ஒருவர் இருவரோடு மட்டும் ஒட்டும் ரகம். என்னுடைய சிப்பிப்பாறை நாய் எட்டு வருடமாக என் அம்மா மடியைத் தவிர வேறு எங்கும் தலை வைத்ததில்லை.

ஒன்று மட்டும் உடனே பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம். அவன் தூங்கும்போது அடுத்த அறையிலிருந்து தட்டில் கரண்டியால் தட்டுங்கள், காது அசைகிறதா என்று ஒருவர் கவனிக்கட்டும். பக்கத்தில் போய்த் தட்டினால் அதிர்வில் எழுந்துவிடுவான், ஒன்றும் தெரியாது.

மல்லேஸ்வரம் அக்கா:
தம்பி, ஆரம்பத்திலிருந்தே இப்படி என்றால் அது சுபாவம், விட்டுவிடலாம். திடீரென்று ஒதுங்கினால் விடக்கூடாது. எங்கள் தெருவில் எடுத்து வளர்த்த நாய் செல்லி, வாசலை விட்டு நகராதவள், ஒருநாள் குளியலறை மூலையில் போய்ப் படுத்தாள். வெயிலுக்குத்தான் போல என்று மூன்று நாள் விட்டுவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. ஈறு வெளுத்த பிறகுதான் ஓடினோம், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு ஏகமாகக் குறைந்திருந்தது, உண்ணி கடித்து வரும் காய்ச்சலாம். பல்வலி, இடுப்புவலி வந்தாலும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் பாப்பாவுக்கு. கட்டிலுக்கு அடியில் கையை விடவே கூடாது, காலைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது, ரொம்பச் சாதுவான நாயும் அங்கேதான் கடிக்கும். அவனாக வெளியே வந்தால் கழுத்துப் பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். தலையால் முட்டிக் கேட்டால் இன்னும் தடவலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அல்சூர்வாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கரண்டி சத்தத்துக்கு ரெண்டு காதும் சட்டென்று நிமிர்ந்தது, அப்பாடா என்றிருந்தது. கட்டிலுக்கு அடியில் என் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்தையும் அங்கேயே வைத்துவிட்டேன். கப்பன் பார்க், இன்னொரு குட்டி ரெண்டையும் விட்டாச்சு. மகளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவளே பாயை விரித்துக் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள், அவன் பக்கம் திரும்பவே இல்லை. நேற்று சாயங்காலம் முத்து மெதுவாக வெளியே வந்து அவள் நோட்டை மோந்து பார்த்துவிட்டுப் பாயின் ஓரத்தில் படுத்தான். பத்து நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான், அவளும் கூப்பிடவில்லை.