பிறந்த குழந்தையின் உயிரை எடுக்க நெதர்லாந்தில் சட்டம் இருக்கிறதா?

கேள்வி:
நேற்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. கடுமையான ஊனத்தோடு பிறக்கும் குழந்தையை டாக்டரே ஊசி போட்டு முடித்துவிடலாம், அதற்கு நெதர்லாந்தில் ‘க்ரோனிங்கன் நெறிமுறை’ என்று சட்டமே இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? யார் முடிவு செய்வது?

பதில் 1:
சட்டம் இல்லை. 2002இல் அமலுக்கு வந்த கருணைக்கொலைச் சட்டம் தானே வாய்விட்டுக் கேட்பவருக்குத்தான், அதுவும் 12 வயதுக்கு மேல். பச்சைக்குழந்தை எங்கே கேட்கும்? அதனால் புத்தகப்படி இது இன்றும் குற்றம்தான். 90களில் இரண்டு டாக்டர்கள் மீது வழக்கு நடந்தது, நீதிமன்றங்கள் தண்டிக்கவில்லை. அப்புறம் 2004இல் எட்வர்ட் ஃபெர்ஹாகன் என்ற குழந்தை மருத்துவரும் கூட இருந்தவர்களும் அரசு வழக்கறிஞர்களோடு பேசி நிபந்தனைகளை எழுதினார்கள், அதுதான் க்ரோனிங்கன் நெறிமுறை. மீள வழியே இல்லாத, தாங்கமுடியாத வேதனை இருக்க வேண்டும், நோய் என்னவென்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும், சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்பா அம்மா இருவரும் சம்மதிக்க வேண்டும். செய்தபின் டாக்டர் தானே போய்ச் சொல்ல வேண்டும், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று அரசு வழக்கறிஞர் பார்ப்பார். அதற்கு முந்தைய ஏழெட்டு வருடத்தில் அப்படிச் சொல்லப்பட்டவை 22, ஒன்றில்கூட வழக்கு இல்லை.

பதில் 2:
அந்த 22 குழந்தைகளுக்கும் என்ன நோய் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அத்தனையும் ஸ்பைனா பிஃபிடா, முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறப்பது. என் மகளுக்கும் அதுதான். பிறந்த மூன்றாம் நாள் ஒரு டாக்டர் “அடுத்ததைப் பாருங்கம்மா” என்றார். இப்போது எட்டாம் வகுப்பு, சக்கர நாற்காலி, நாலு மணிக்கொரு தரம் சிறுநீர்க்குழாய், வாய் மட்டும் என்னைவிட நீளம். எல்லோருக்கும் இப்படி அமையாது, அவளைவிட மோசமான குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வலியைப் பார்த்து முடிவு செய்கிறார்களா, பின்னால் கஷ்டப்படும் என்ற கணக்கை வைத்தா? ரோட்டர்டாமின் மூளை அறுவை மருத்துவர் டி யோங் 2008லேயே எழுதினார், இந்தக் குழந்தைகளுக்குத் தாங்கமுடியாத வலி இருப்பதாகச் சொல்ல முடியாது என்று.

பதில் 3:
பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் நான். அக்கா சொல்வது சரி, ஆனால் தொட்டாலே தோல் உரிந்து வரும் நோய் ஒன்று இருக்கிறது, கட்டு மாற்றும்போது அந்தக் குழந்தை அழுவதைக் கேட்டால் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. வென்டிலேட்டரை எடுத்துவிட்டு இயற்கையாகப் போகவிடலாம் என்பீர்கள், அதுவே போடாத குழந்தை அது, எடுத்துவிட என்ன இருக்கிறது? ஃபெர்ஹாகனைக் கிளப்பியதும் அப்படி ஒரு குழந்தைதான். இன்னொன்று, 2007இல் அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 20ஆம் வார ஸ்கேன் வந்தது, அதற்குப் பிறகு இப்படிச் சொல்லப்பட்டவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். முடிவைக் கர்ப்பத்திலேயே எடுத்துவிடுகிறார்கள்.

கேட்டவர்:
நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைக் குழுவில் போடலாமா?

பதில் 2:
போடுங்கள். வாய் நீளம் என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அவளும் படிப்பாள்.